ஐம்பதாயிரம் ரூபாய் எலுமிச்சை

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூரை ஒட்டிய ஒட்டனந்தல் கிராமத்து முருகன் கோயிலில், பங்குனி உத்திரத் திருவிழாவின்போது வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் போட்டி போட்டு எடுப்பார்கள். 2024 மார்ச்சில் ஒன்பது பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயின. முதல் நாள் பழம் மட்டும் 50,500 ரூபாய். எடுத்தவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவருடைய வேண்டுதல் அவருக்கு. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த கோயம்பேடு எலுமிச்சை வியாபாரி யாரும் மறுநாள் காலையில் தன் மூட்டைகளை எண்ணிப் பார்த்து, தான் கோடீசுவரன் ஆகிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

பங்குச்சந்தையில் அந்தக் கணக்குதான் தினமும் நடக்கிறது. ஒரு கோடி பங்குகள் கொண்ட சிறு நிறுவனம் ஒன்று. இன்று மொத்தம் 200 பங்குகள் கைமாறின. கடைசிப் பங்கு 90 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். புரண்ட பணம் 18,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மாலையில் திரையைப் பார்த்தால் நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு 90 கோடி என்று இருக்கும். மீதிப் பங்குகளையும் 90 ரூபாய் கொடுத்து வாங்க ஊரில் யாராவது இருக்கிறார்களா என்பதைத் திரை சொல்லாது. ஒரு பழத்தின் விலையால் மூட்டையைப் பெருக்கிவிட்டு, வந்த தொகையைச் சொத்து என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

விலைக்கும் மதிப்புக்கும் நடுவே இப்படி விழும் பள்ளம், மோசடி எதுவும் இல்லாமலேயே எவ்வளவு ஆழமாகும் என்பதற்கு எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நல்ல சாட்சி. மொத்தமே 2 லட்சம் பங்குகள். ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனம். கணக்குப் புத்தகப்படி ஒரு பங்கின் மதிப்பு பல லட்சம். திரையிலோ 3 ரூபாய் 53 காசு. அந்த விலைக்கு விற்க யாருக்குப் பைத்தியம்? ஆகவே வியாபாரமே நடக்கவில்லை. வியாபாரம் நடக்காததால் விலையும் நகரவில்லை. 2024 அக்டோபர் 29 அன்று மும்பைப் பங்குச்சந்தை விலை வரம்பு வைக்காமல் சிறப்பு ஏலம் நடத்தியது. ஒரே நாளில் விலை 2,36,250 ரூபாய். (ஒட்டனந்தலில் ஒன்பது பழங்களும் சேர்ந்து போன தொகையும் கிட்டத்தட்ட இதுவே. முருகனின் விளையாட்டு.) அதுவரை அந்த 3 ரூபாய் 53 காசு திரையில் ஒரு பொய்யாக நின்றிருந்தது. சொன்னவர் யாரும் இல்லாத பொய்.

வாங்க விற்க ஆள் குறைந்த இடத்தில் விலை இப்படித் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தையே தொழிலாக்கிக்கொண்டவர்களைச் சந்தை வட்டாரத்தில் ஆபரேட்டர் என்பார்கள். சாதாரணமாக இப்படி நடக்கும்: நிறுவனர் குடும்பமும் அதற்கு வேண்டியவர்களும் பெரும்பகுதிப் பங்குகளை வைத்திருப்பார்கள், வெளியே உலவும் பங்குகள் கொஞ்சம். அவற்றையும் பல பெயர்களில் சேர்த்துவிட்டால், பிறகு விலையை ஏற்றப் பெரிய பணம் வேண்டியதில்லை. முந்தைய விலைக்கு மேலே பத்துப் பங்கு, இருபது பங்கு என்று கேட்டாலே போதும். இடது கை விற்க வலது கை வாங்கும். நாளொன்றுக்கு 5 சதவீதம்தான் ஏறலாம் என்று வரம்பு இருந்தாலும், தொடர்ந்து 15 நாள் அந்த மேல் வரம்பை, அதாவது அப்பர் சர்க்யூட்டை, அடித்தால் விலை இரட்டிப்பாகிவிடும். அந்தப் பதினைந்து நாளும் ‘வாங்க ஆள் இருக்கிறது, விற்க ஆள் இல்லை’ என்று திரை பச்சையாகக் காட்டும். வெளியாளுக்கு அது பெருந்தேவை போலத் தெரியும். இறங்கும்போது 14 நாள் லோயர் சர்க்யூட்டில் விலை பாதியாகும். அப்போது விற்பதற்கு வரிசையில் நிற்கலாம். நம் முறை வராது.

எல்.எஸ். இண்டஸ்ட்ரீஸ் பற்றி 2025 பிப்ரவரியில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இட்ட இடைக்கால உத்தரவைப் படித்தால் மூட்டைக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பது விளங்கும். வருவாய் என்று சொல்ல எதுவும் இல்லாத நிறுவனம். 2024 ஜூலையில் பங்கு 22 ரூபாய் 50 காசு. செப்டம்பர் இறுதியில் 267 ரூபாய் 50 காசு. சந்தை மதிப்பு 22,700 கோடி. அதன் 12 சதவீதப் பங்குகளை, முன்னாள் இயக்குநர் ஒருவரிடமிருந்து துபாயில் வாழும் ஒருவர் ஒரே ஒரு அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தார் என்கிறது உத்தரவு. திரையில் அந்தப் பங்குகள் 2,700 கோடிக்கு மேல். இடைக்கால உத்தரவு என்பதால் இவற்றைக் குற்றச்சாட்டு என்ற அளவிலேயே வைத்துப் பேசுவது நியாயம். ஆனால் பெரிய கை ஒன்று பெரிய அளவில் வாங்கியது என்ற செய்தி மட்டும் நம் காதுக்கு வந்திருந்தால் என்ன நினைத்திருப்போம்? எவ்வளவு கொடுத்து என்று கேட்டிருப்போமா?

விலையை ஏற்றுவது பாதி வேலைதான். ஏற்றிய விலைக்கு வாங்க ஊரைக் கூட்ட வேண்டும். சாத்னா பிராட்காஸ்ட் விவகாரத்தில் அந்த இரண்டாம் பாதி வெட்ட வெளிச்சமானது. 2022-ல் சில யூடியூப் சேனல்களில் வீடியோக்கள் வந்தன: அதானி குழுமம் இந்த நிறுவனத்தை வாங்கப்போகிறது, அமெரிக்க நிறுவனம் ஒன்று நான்கு பக்திப் படங்களுக்கு 1,100 கோடி தரப்போகிறது. எல்லாம் புளுகு. அவற்றைப் பார்க்கவைக்க விளம்பரத்துக்கும் பணம் செலவழிக்கப்பட்டது. நிறுவனத்தின் சிறு பங்குதாரர் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆனது என்று செபியின் 2023 மார்ச் உத்தரவு கணக்குச் சொன்னது. அதே நாள்களில் உள்ளே இருந்தவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். இறுதி உத்தரவு 2025 மேயில் வந்தது: 59 பேருக்குச் சந்தையில் தடை, 58 கோடி ரூபாயை வட்டியோடு கட்டச் சொன்னார்கள். வீடியோவுக்கும் தீர்ப்புக்கும் இடையே மூன்று ஆண்டுகள். ஐம்பதாயிரம் பேரும் அதற்குள் வேறு பங்குக்குப் போய்விட்டிருப்பார்கள்.

இன்னொரு வகைப் பெரிய வாங்குபவரும் இருந்தார். இவருக்கு லாபமே தேவையில்லை. சந்தையில் விற்கும் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 2004 முதல் 2018 வரை வரி கிடையாது. அந்தச் சலுகையில் புகுந்து, பெயருக்கு இருந்த நிறுவனங்களின் பங்கை ஒருவருக்கு ஒதுக்குவார்கள். ஓராண்டில் விலையைப் பல மடங்கு ஏற்றுவார்கள். பிறகு அவருடைய கறுப்புப் பணத்தையே சுற்றிக் கொண்டுவந்து அந்தப் பங்கை வாங்கிக்கொள்வார்கள். வெள்ளையாக ‘லாபம்’ கைக்கு வரும். கொல்கத்தாவை மையமாகக் கொண்ட இத்தகைய வலைகளை வருமான வரித் துறையும் செபியும் துருவியபோது, விலைப்பட்டியலைப் பார்த்து இடையில் புகுந்த அப்பாவிகளும் அகப்பட்டார்கள். ஏன் ஏறுகிறது என்றே தெரியாமல் ஏறுகிற பங்கில் ஏறியவர்கள்.

மோசடி எண்ணமே இல்லாத பெரிய கையும் சிறு பங்கைப் புரட்டிப்போடும். தினம் 5,000 பங்குகள் புரளும் இடத்தில் ஒருவருக்கு 2 லட்சம் பங்குகள் வேண்டுமென்றால், நாற்பது நாள் வியாபாரம் முழுவதையும் அவரே எடுக்க வேண்டும். குட்டையில் யானை இறங்கினால் தண்ணீர் ஏறத்தான் செய்யும். மழை பெய்தது என்று தவளைகள் நினைத்துக்கொண்டால் யானை என்ன செய்யும்? நிறுவனத்தின் பங்குகளில் அரை சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ பல்க் டீல் பட்டியலில் அன்று மாலையே பெயர் வந்துவிடும். காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் பெயர் வரும். இந்த இரண்டையும் மனப்பாடமாகப் படித்து, பெயர் பெற்ற முதலீட்டாளர் நுழைந்த மறுநாள் பின்னாலேயே ஓடும் கூட்டம் ஒன்று இங்கே உருவாகியிருக்கிறது. அவர் நுழைவது ஊருக்கே தெரியும். வெளியேறுவதோ அரை சதவீதத்துக்குள் அடங்கும் சிறு சிறு பொட்டலங்களாக நடக்கலாம்; கையிருப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே போனதும் பெயர் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். மேளதாளத்தோடு வந்த மாப்பிள்ளை பின்வாசல் வழியாகப் போனதை யாரும் பார்ப்பதில்லை. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதே என்னைத் தொந்தரவு செய்கிறது.

மியூச்சுவல் ஃபண்டுகளே இந்தக் குட்டையின் ஆழத்தை அளந்து சொல்ல வேண்டிய நிலை 2024 மார்ச்சில் வந்தது. சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் தங்கள் ஸ்மால் கேப் திட்டத்தின் பாதிப் பங்குகளை விற்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிடச் சொன்னார்கள். பெரிய திட்டங்களுள் ஒன்று 60 நாள் என்றது. வல்லுநர் குழு வைத்து நடத்துகிற ஃபண்டுக்கே அறுபது நாள் என்றால், தரகரின் செயலியை நம்பி அரிதாகக் கைமாறும் பங்கில் மகள் கல்யாணத்துக்கான பணத்தைப் போட்டவருக்கு எத்தனை நாள்?

கடல் தாண்டி ஓர் அனுபவமும் இருக்கிறது. 2009 மேயில் போர் முடிந்த கையோடு கொழும்புப் பங்குச்சந்தை கிடுகிடுவென்று ஏறியது. அந்த ஆண்டு குறியீட்டெண் 125 சதவீதமும் 2010-ல் 96 சதவீதமும் உயர்ந்தது. உலகிலேயே வேகமாக ஏறும் சந்தைகளுள் ஒன்று என்ற புகழ் வேறு. அந்த ஏற்றத்தில் சொற்பமாகக் கைமாறும் சிறு பங்குகள் பல மடங்கு போயின. ஒரு சிலர் விலையைத் தூக்கிவிட்டு இறங்குகிறார்கள் என்ற புகார் எழுந்தது. நாட்டின் மிகப் பெரிய நிதியான ஊழியர் சேமலாப நிதி, விலை ஏறிய பங்குகளை வாங்கியது ஏன் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தது. அது மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கும் தனியார் துறைத் தொழிலாளர்களின் பணம். மலையகத் தோட்டத் தொழிலாளர் பலருடைய ஓய்வுக்காலமும் அதில் அடக்கம். பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு விசாரணைகளைத் தொடங்கியபோது என்ன ஆயிற்று? 2011 இறுதியில் அதன் தலைவி இந்திராணி சுகததாச பதவி விலகினார்; அடுத்து வந்த திலக் கருணாரத்ன 2012 ஆகஸ்டில் விலகினார். ஓராண்டுக்குள் இரண்டு தலைவர்கள். காவலாளி உறுதியாக இருந்தாலும், வீட்டுக்காரர்கள் அவருடைய பக்கம் நிற்காவிட்டால் அவரால் நிற்க முடியாது.

இங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று சொல்லலாம். செபிக்கு அதிகாரம் இருக்கிறது, ஆவணங்கள் பொதுவெளியில் வருகின்றன. ஆனால் 2020 மார்ச்சில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் ஐந்தே ஆண்டில் 19 கோடியைத் தாண்டின. அத்தனை பேருக்கும் பாதுகாப்பை ஒரே அலுவலகம் தந்துவிடும் என்று எண்ணுவது, தெருவில் எல்லாரும் குப்பையைக் கொட்டிவிட்டு மாநகராட்சியைத் திட்டுவதுபோல. பாரத் குளோபல் டெவலப்பர்ஸ் என்ற பங்கு 2023 நவம்பரில் 16 ரூபாய். ஓராண்டில் 1,702 ரூபாய். நூறு மடங்குக்கு மேல். செபி தலையிட்டது 2024 டிசம்பரில். அந்த ஓராண்டும் அது திரையில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. தரகு நிறுவனங்கள் பார்த்தன, தணிக்கையாளர்கள் இருந்தார்கள், சந்தை நடத்துபவர்கள் இருந்தார்கள்.

விலை காரணமின்றி ஏறும்போது பங்குச்சந்தை நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும். வருகிற பதில்களைப் படித்துப் பாருங்கள்: ‘வெளியிடாத தகவல் எதுவும் எங்களிடம் இல்லை; விலை மாற்றம் முழுவதும் சந்தை சார்ந்தது.’ பத்து நிறுவனங்களின் பதிலைப் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நேர்மையான நிர்வாகம், ‘எங்கள் தொழிலில் இந்த ஏற்றத்துக்கு ஏற்ற மாற்றம் எதுவும் நடக்கவில்லை, பங்குதாரர்கள் கவனமாக இருக்கவும்’ என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? தன் பங்கு ஏறுவது யாருக்குத்தான் கசக்கும் என்பதுதான் சிக்கல். செயலி நடத்தும் தரகர்கள், எவ்வளவு ஏறியது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இன்று எத்தனை பேர் வாங்கினார்கள், கடந்த மாதம் எத்தனை நாள் வியாபாரமே நடக்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே போடட்டும். பெரிய முதலீட்டாளர்கள் மேடையிலும் பேட்டியிலும் ஒரு சிறு பங்கைப் பாராட்டினால், விற்கும்போதும் அதே மேடையில் சொல்லட்டும். ஒருவரின் கையிருப்பு 5 சதவீதத்தைத் தொட்டால்தான் இரண்டு வேலைநாளில் அறிவிக்க வேண்டும் என்ற விதி பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும். சிறு நிறுவனத்தில் 2 சதவீதமே யானைதான்; வரம்பைக் குறைக்கலாம்.

பத்திரிகைக்காரர்களான நாங்களும் தப்ப முடியாது. ‘ஒரு லட்சம் போட்டவர் இன்று கோடீசுவரர்’ என்ற தலைப்பு எவ்வளவு எளிதாக விற்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு லட்சத்தைப் போட்டவர் உண்மையில் இருந்தாரா, இருந்திருந்தால் அவரால் அந்த விலைக்கு விற்க முடிந்திருக்குமா என்று கேட்காமல் அச்சேற்றியிருக்கிறோம். பதிவுபெறாத ஆலோசகர்களோடு தரகர்கள் கூட்டு வைக்கக் கூடாது என்று 2024-ல் விதி வந்தது. பாடம் நடத்துகிறேன் என்பவர்கள் மூன்று மாதத்துக்கு உட்பட்ட விலைகளைக் காட்டக் கூடாது என்று 2025 ஜனவரியில் வந்தது. எந்த விதியும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குள் வராது. அங்கே அனுப்புகிறவர் சித்தப்பா. நம்பாவிட்டால் மரியாதைக் குறைவு.

அப்புறம், சொல்லக் கூச்சமான ஒன்று. ஏமாந்தவர்களில் பலர் ஏமாளிகள் அல்ல. ‘ஆபரேட்டர் பங்குதான், தெரியும். ரெண்டு சர்க்யூட் பார்த்துட்டு வெளியே வந்துடுவேன்’ என்று சொல்லிக்கொண்டே நுழைகிறவர்களை எனக்குத் தெரியும். தனக்குப் பின்னால் வருகிறவர் ஏமாறுவார் என்பதுதான் அவர்களுடைய திட்டம். 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு ஷோரூமும் எட்டு ஊழியர்களும் கொண்ட ஒரு பைக் விற்பனை நிறுவனம் பங்குச்சந்தையின் சிறுநிறுவனப் பிரிவில் பங்கு வெளியிட்டு 12 கோடி ரூபாய் கேட்டது. குவிந்த விண்ணப்பங்களின் மதிப்பு 4,700 கோடிக்கு மேல். அந்த நிறுவனம் எந்தத் தவறும் செய்யவில்லை. கேட்டது 12 கோடிதான். அந்தக் கூட்டத்தைக் கூட்டிய ஆபரேட்டர் யார் என்று தேடினால் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இதற்காகச் சிறு பங்குகள் எல்லாமே சூது என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. கோவையிலும் திருப்பூரிலும் இரண்டு தலைமுறையாக ஒழுங்காகத் தொழில் செய்து, ஒழுங்காக ஈவுத்தொகை கொடுக்கும், பங்கு மட்டும் அவ்வளவாகக் கைமாறாத நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் உள்ளூர்ப் பங்குச்சந்தைகள் இயங்கிய காலத்தில், மில் ஓடுகிறதா நிற்கிறதா என்று தரகருக்குச் சங்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும். சென்னைச் சந்தையின் அங்கீகாரமும் 2015-ல் முடிந்தது. இன்று விலை மட்டும் விரல்நுனியில் இருக்கிறது, மில் எங்கே என்று தெரியாது. சந்தேகம் வந்து பங்குச்சந்தை தன் கண்காணிப்புப் பட்டியலில் ஒரு பங்கைச் சேர்த்துவிட்டால் நேர்மையாக வாங்கியவரும் மாட்டிக்கொள்கிறார். கடிவாளம் இறுகும்போது இருக்கிற கொஞ்ச வியாபாரமும் வற்றுகிறது. ஆகவே சந்தேகம் வந்ததுமே தண்டனை என்பதைவிட, சந்தேகம் வந்ததுமே வெளிச்சம் என்பதுதான் எல்லாத் தரப்பும் ஒத்துப்போகக்கூடிய இடம். சிறுநிறுவனப் பிரிவுக்கு வருவோர் மூன்றில் இரண்டு ஆண்டாவது ஒரு கோடி ரூபாய் செயல்பாட்டு லாபம் காட்ட வேண்டும் என்று 2025-ல் வந்த விதி அந்தத் திசையில் ஓர் அடி. யார் வாங்குகிறார், யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்பது அன்றன்றே தெரியவந்தால், மறைந்திருந்து மேளம் அடிப்பது கடினம்.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் குரலைத் தாழ்த்தி, ‘ஒரு பங்கு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. பெரிய ஆள் உள்ளே வந்துட்டான்’ என்று ஆரம்பிப்பார். போன மாதம் எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். ‘தினமும் எத்தனை பங்குங்க கைமாறுது? போன வாரம் வித்துப் பாத்தீங்களா?’ என்று கேட்டேன். சாம்பாரில் கை நின்றது. ‘அதைப் பாக்கலையே’ என்றார். பிறகு போனை எடுத்து இடது கையால் தேடினார். ரசம் வரும்வரை தேடிக்கொண்டிருந்தார்.